உப்புக்காற்றில் ஒரு போஹோ படுக்கையறை

‘போஹோ பெட்ரூம்’ என்று கைப்பேசியில் தேடிப் பாருங்கள். வருகிற படங்கள் எல்லாம் ஒரே வீட்டில் எடுத்தவைபோல இருக்கும். வெள்ளைச் சுவர், தரையோடு தரையாக ஒரு மெத்தை, அதன்மேல் நாலைந்து விதத் துணிகள், சுவரில் கயிற்றுப் பின்னல், மூலையில் பிரம்பு நாற்காலி, ஜன்னல் நிறையச் செடி. அந்த வீடு கலிஃபோர்னியாவிலோ பாலித் தீவிலோ இருக்கும். நம் வீடு ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, அதில் ஒரு இரும்பு பீரோ, ஒரே ஒரு ஜன்னல், வெளியே வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். இங்கே அந்தப் பாணி எடுபடுமா?

நன்றாகவே எடுபடும். அதற்கு வேண்டிய சரக்கில் பெரும்பங்கு இந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனதுதான். ஆனால் படத்தைப் பார்த்து அப்படியே வாங்கிப் போட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

முதலில் இந்தப் பாணி என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1840-களின் பாரிஸில் காசில்லாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் மொட்டைமாடி அறைகளில் வாடகைக்கு இருந்தார்கள். யாரோ கழித்த கம்பளம், சிநேகிதன் கொடுத்த திரைச்சீலை, வெளியூர் போனவன் கொண்டுவந்த துணி என்று கையில் கிடைத்ததை வைத்து அறையை ஒப்பேற்றினார்கள். அவர்களைப் பற்றி ஆன்ரி மூர்ஜே எழுதிய கதைகள் 1851-இல் புத்தகமாக வந்தன. 1896-இல் புச்சினி அதை ஓபராவாக்க, பொஹீமிய வாழ்க்கை ஊரறிந்த விஷயமானது. 1960-களில் தரைவழியாக இந்தியாவுக்கு வந்த ஹிப்பிகள் திரும்பிப் போகும்போது அச்சுத்துணிகளையும் பித்தளைச் சாமான்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இன்றைய போஹோவில் பாதி அந்த மூட்டையிலிருந்து வந்தது.

சென்னையிலும் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியத்தை மட்டும் நம்பினால் அடுப்பெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். பாரிஸ் ஆனாலும் ஈஞ்சம்பாக்கம் ஆனாலும் விஷயம் ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த அறை அது. தலையணை உறை முதல் திரைச்சீலை வரை ஒரே நிறத்தில் ஒரே பெட்டியில் வந்து இறங்கும் ‘போஹோ செட்’ என் கணக்கில் போஹோவே இல்லை. அது லாட்ஜ் அறை.

இனி நம் பகுதிக்கு வருவோம். இங்கே அலங்காரத்தை முடிவு செய்வது நீங்களோ நானோ அல்ல, காற்று. கடலிலிருந்து வருகிற காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சர்வசாதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஓதம் தெரியும். இதோடு தூசியும் சேர்கிறது. ராயபுரத்து வீடுகளில் கறுப்புத் தூள் படிவது பல வருஷத்துப் புகார். நிலக்கரியும் இரும்புத்தாதுவும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2011 அக்டோபரிலிருந்து அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரம் கொஞ்சம் மூச்சு விட்டது. எண்ணூர்க்காரர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரியும் சேர்ந்தே கிடைக்கின்றன.

ஆகவே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் துவைக்கவோ துடைக்கவோ முடியாத எதுவும் படுக்கையறைக்குள் வரவேண்டாம். கடைகளில் ‘போஹோ’ என்று விற்கிற பல பொருள்கள் இந்த விதியிலேயே அடிபட்டுப் போகும். தடித்த சணல் விரிப்பு ஈரத்தைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். நீளமான ரோமம் வைத்த கம்பளம் கரித்தூளை விழுங்கிக்கொண்டு திருப்பித் தராது. காய்ந்த புல் கொத்தைப் பூச்சாடியில் வைப்பது இப்போது மோஸ்தர். அதைத் துடைக்கப் போனால் உதிர்ந்துவிடும், துடைக்காவிட்டால் கறுத்துவிடும். சாயம் பூசாத பிரம்பு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்றாலும் அதைக் காப்பாற்றிவிடலாம். ஒரு கோட் வார்னிஷ் அடித்து, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காலை வெயிலில் சற்று வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

சுவருக்கு வெள்ளை நல்லதுதான், ஆனால் எந்த வெள்ளை என்று பார்க்க வேண்டும். ஓதம் ஏறும் தரைத்தள வீட்டில் பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்போடு சேர்ந்து பெயின்டைப் பொரியப் பொரியத் தள்ளிவிடும். பழைய ராயபுரம் வீடுகளில் சுண்ணாம்பு அடித்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். கொஞ்சம் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் சிவப்பும் மஞ்சளும் துலங்குகிற மாதிரி வேறெந்தப் பெயின்டுக்கு முன்னாலும் துலங்காது. வாடகை வீடு என்றால் சுவரைத் தொடாமல், துணியில் கவனம் செலுத்துங்கள்.

அடுத்தது கட்டில். தரையில் மெத்தை போடுவது பார்க்க அழகுதான். ஆனால் ஓதமான தரையில் நேரடியாகப் போட்டால் மெத்தையின் அடிப்பாகம் மாதக்கணக்கில் காயாது, ஒருநாள் புரட்டிப் பார்த்தால் கரும்புள்ளி. நாலைந்து அங்குல இடைவெளியாவது கீழே காற்றோட வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தடி அகலக் கட்டில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தின்றுவிடும். கட்டில் உயரம் குறைந்தால் அறை பெரிதாகத் தெரியும், மேலே வெற்றுச்சுவர் கிடைக்கும்.

தாழ்வான கட்டிலுக்கு நம் பகுதியில் மலிவான வழி ஒன்று உண்டு: சரக்குக்கு அடியில் வைக்கும் மரப்பலகை, அதாவது பாலெட். துறைமுகம், சரக்குப் பெட்டகக் கிடங்கு என்று சுற்றிலும் இருப்பதால் பழைய மரக்கடைகளில் அது கிடைக்கும். வாங்குமுன் பக்கவாட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். நாடுவிட்டு நாடு போகும் மரப்பெட்டிகளில் பூச்சி போகாமல் இருக்க உலகம் முழுவதும் ஒரே விதி. கோதுமைக் கதிர் படம், நாட்டின் எழுத்துகள், பக்கத்தில் என்ன செய்தார்கள் என்ற குறி இருக்கும். ‘எச்.டி.’ என்றால் சூடேற்றிப் பக்குவப்படுத்திய மரம், அதைத் தாராளமாக வாங்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அது படுக்கையறைக்கு வேண்டவே வேண்டாம். முத்திரை எதுவாக இருந்தாலும் எண்ணெய்க்கறையோ ரசாயன வாடையோ இருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள். எந்த டிரம்மைச் சுமந்த பலகை என்று யாருக்கும் தெரியாது. நல்ல பலகை கிடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிராய் போனதும் வார்னிஷ் அடித்தால் போதும்.

அதுவும் வேண்டாம் என்றால் கயிற்றுக் கட்டில். 2017-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் நம் ஊர் மாதிரிக் கயிற்றுக் கட்டிலை 990 டாலருக்கு விற்க விளம்பரம் கொடுத்து, அந்தப் படம் இந்தியா முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. சிரித்தவர்கள் தங்கள் வீட்டுக் கட்டிலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். அடியில் காற்றோடுகிற, எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டு அறையைக் கழுவ வசதியான கட்டில், வடசென்னைக்கு இதைவிட வேறு இல்லை.

கட்டிலுக்கு மேலே மெல்லிய வெள்ளைத்துணி கூடாரம்போல விழுவது போஹோ படங்களில் தவறாமல் இருக்கும். அதற்குத் தனியாகக் காசு செலவழிக்காதீர்கள். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொசுவலை எப்படியும் வேண்டும். நாலு மூலையில் ஆணி அடித்துக் கட்டும் வலைக்குப் பதிலாக, ஒற்றை வளையத்திலிருந்து விழும் பருத்தி வலையை வாங்குங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே வளையம் வராதபடி கட்டிலைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான். பகலில் வலையைச் சுருட்டிப் பின்னல் போட்டுத் தொங்கவிட்டால் அறைக்கே ஒரு களை வந்துவிடும்.

இனி துணி. இந்தப் பாணியின் உயிரே துணிதான். இங்கேதான் நம் ஊருக்குக் கொஞ்சம் தலை நிமிர்த்திக்கொள்ளக் காரணம் இருக்கிறது.

திருவொற்றியூர்க்காரர்களுக்குக் காலடிப்பேட்டை தெரியும். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலட் பேட்டைதான் நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையும் அப்படித்தான், கிழக்கிந்தியக் கம்பெனி துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் ஊர். ஏற்றுமதிக்காகவே தோன்றிய ஊர்கள் இவை. சோழமண்டலக் கரையிலிருந்து போன சித்திரச் சீட்டித்துணி ஐரோப்பியப் படுக்கையறைகளைப் பிடித்து ஆட்டியது. கட்டில் விரிப்பு, கட்டிலைச் சுற்றித் தொங்கும் திரை, சுவர்த்துணி எல்லாம் அதுவே. உள்ளூர் நெசவாளர்கள் போட்ட கூச்சலில் 1686-இல் பிரான்ஸ் அதைத் தடை செய்தது, 1721-இல் இங்கிலாந்தும் தடை செய்தது. தடை வந்தால் ஆசை கூடத்தானே செய்யும்? லண்டனின் புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டிலுக்காகக் கல்கத்தா வணிகர்கள் அனுப்பிய மசூலிப்பட்டினத்துச் சீட்டித்திரையைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அந்தக் கட்டில் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேரிக் போஹோ அல்ல, பணக்காரர். ஆனால் கொடியும் பூவும் மயிலும் படர்ந்த தென்னிந்தியத் துணியைப் படுக்கையைச் சுற்றித் தொங்கவிடும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல என்பதற்கு அவர் சாட்சி.

இன்னொன்று மெட்ராஸ் கட்டம். மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக நைஜீரியாவின் கலாபரி மக்களிடம், நம் கட்டம்போட்ட துணி கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேண்டிய துணி. அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த வாழ்வு வேடிக்கையானது. 1958-இல் பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர், ஓர் அமெரிக்க இறக்குமதியாளருக்குப் பெரிய அளவில் இந்தத் துணியை விற்றார். குளிர்ந்த நீரில் பக்குவமாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடியது, புகார் குவிந்தது. கடைசியில் விளம்பரக்காரர்கள் சாயம் போவதையே பெருமையாக மாற்றி, ‘நிச்சயம் சாயம் போகும்’ என்று சொல்லி விற்றுத் தீர்த்ததாகக் கதை. துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலங்கி மங்குகிற அந்த அழகைத்தான் இன்றைய போஹோ கடைகள் இயந்திரத்தில் செயற்கையாகச் செய்து விற்கின்றன.

ஆகவே கட்டில் விரிப்புக்கு எங்கும் அலைய வேண்டாம், கைலியே போதும். ஒரு பருத்திக் கைலி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். மூட்டாத இரண்டு கைலிகளை நீளவாட்டில் சேர்த்துத் தைத்தால் ஐந்தடிக் கட்டிலுக்கு விரிப்பு தயார். இரண்டும் வேறு வேறு கட்டமாக இருக்கட்டும். ஆனால் ஒரு நிறமாவது இரண்டிலும் பொதுவாக வரவேண்டும், கருநீலமோ அரக்கோ. இந்தப் பாணியில் தாறுமாறாகத் தெரிவது எதுவும் உண்மையில் தாறுமாறு இல்லை. ஒரு நிறம் அறை முழுக்க ஒளிந்து விளையாடினால் மீதி எல்லாம் சமாளித்துக்கொள்ளும். அந்த நிறம் இல்லையென்றால் துணிக்கடை மூட்டை அவிழ்ந்த மாதிரி இருக்கும்.

திரைச்சீலைக்குப் பழைய பருத்திப் புடவை. ஐந்தரை மீட்டர் புடவையை நடுவில் வெட்டினால் இரண்டேமுக்கால் மீட்டர் வீதம் இரண்டு துண்டு. பரணிலிருந்து தரை வரை தாராளமாக விழும். சுங்குடியோ கண்டாங்கியோ இருந்தால் பேஷ். முந்தானை உள்ள துண்டு ஒருபக்கம், இல்லாத துண்டு மறுபக்கம் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தொங்குவதுதான் இங்கே அழகு. இதில் அழகைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ஜன்னல் வழியாக வரும் கரித்தூளை முதலில் வாங்கிக்கொள்வது திரைச்சீலைதான். கனமான கர்ட்டனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாரும் துவைக்கப் போவதில்லை. புடவையைக் காலையில் அலசிப் போட்டால் மதியத்துக்குள் மாட்டிவிடலாம். சாயம் போகிற துணியா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வெள்ளைத்துணியை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். போகிற துணி என்றால் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, உள்பக்கம் வெளியே வருமாறு நிழலில் உலர்த்துங்கள்.

தரைக்குப் பவானி ஜமக்காளம். பச்சை, சிவப்பு, ஊதாப் பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடும் இந்த விரிப்பு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை உதறலாம், துவைக்கலாம், முன்பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். மழைத்தண்ணீர் வாசல் ஏறும் வீடுகளுக்கு இன்னொரு வசதி, ஒரு நொடியில் சுருட்டிப் பரணில் போட்டுவிடலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்ததை மறந்துவிட முடியாது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் தரையோடு ஒட்டிய எந்தக் கம்பளத்துக்கும் பணம் போடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் துணிப்பெட்டி அடுக்குவதும் கூடாது. ஜமக்காளத்தின் மேல் ஒரு கோரைப்பாயை அரைகுறையாகப் படரவிட்டால் போஹோக்காரர்கள் சொல்லும் ‘அடுக்கடுக்கான’ தோற்றம் வந்துவிடும். பத்தமடைப் பாயின் மென்மை தனிதான், ஆனால் அதை மிதிக்க மனசு வராது. சுவரில் மாட்டுங்கள்.

சுவருக்கு என்று கடைகளில் விற்கும் கயிற்றுப் பின்னல் மக்ரமே எனப்படுவது. அதைக் கடல் கடந்து பரப்பியவர்களில் கப்பல் மாலுமிகள் முக்கியமானவர்கள். மாதக்கணக்கான பயணத்தில் பொழுது போகாமல் முடிச்சுப் போட்டார்கள். செடித்தொட்டியைத் தொங்கவிடும் மக்ரமே நம் பாட்டி வீட்டு உறியேதான். தயிர்ப்பானை போய் மணி பிளான்ட் வந்திருக்கிறது, அவ்வளவே. பருத்திக் கயிறு மண்ணடி, பாரிமுனைக் கயிற்றுக் கடைகளில் எடைபோட்டுக் கிடைக்கும். பின்னத் தெரியவில்லையா? காசிமேட்டில் வலை பழுது பார்ப்பவரின் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஊசியில் நூலைச் சுற்றி, ஒரு விரலை அளவாக வைத்து, கண்ணை வலையில் வைக்காமலே முடிச்சுப் போட்டுக்கொண்டு போவார். கேட்டால் மறுக்காமல் சொல்லித் தருகிறவர்கள் உண்டு. ஆனால் மீன்பிடித்த பழைய நைலான் வலையை அழகுக்காகச் சுவரில் மாட்டும் யோசனை வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் மழைநாளில் கவிச்சி திரும்பி வரும்.

இதற்குப் பதிலாகப் பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைத் தட்டுகளும் பெட்டிகளும் நான்கைந்து வாங்கி, பெரிதும் சிறிதுமாகச் சுவரில் பரத்துங்கள். எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் சீக்கிரமே பழவேற்காடு. ஓலை வெயிலுக்கும் உப்புக்கும் பழகியது. பித்தளைச் சொம்பு, குத்துவிளக்கு வைத்தால் உப்புக்காற்றில் கறுக்கும். கறுக்கட்டும், இந்தப் பாணிக்கு அது குறையல்ல.

வெளிச்சம் பற்றி ஒரே வார்த்தை: டியூப் லைட்டை அணையுங்கள். எல்.இ.டி. பல்பு அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் ஆஸ்பத்திரி வெளிச்சம். ஐந்து வாட் மஞ்சள் பல்பு ஒன்றை மூங்கில் கூடைக்குள் தொங்கவிட்டால் இரவில் சுவரெல்லாம் கோலம் போடும். பல்பின் சூட்டில் பட்டுவிடாதபடி கூடை அகலமாக இருக்கட்டும். செடியில் மணி பிளான்ட், கற்றாழை, பாம்புச் செடி மூன்றும் நம் காற்றுக்குத் தாங்கும்; வாரம் ஒருமுறை இலையைத் துடைக்க வேண்டும், மற்றவற்றை மறந்துவிடலாம்.

வாங்கப் போவது சுலபம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு திருவொற்றியூரிலிருந்து மண்ணடிக்கு மாறாமல் போய் இறங்கலாம். துணிக்கு கோடவுன் தெரு இருக்கிறது, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். மீட்டர் கணக்கில் மிச்சத்துணி வேண்டுமென்றால் எழும்பூர் பாந்தியன் சாலையின் காட்டன் ஸ்ட்ரீட். அதே சாலையில் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் தலைமையகம். ஜமக்காளத்தையும் சென்னிமலைப் போர்வையையும் நம்பி வாங்க அதுதான் இடம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கிவிடாதீர்கள். முதலில் பல்பையும் கொசுவலையையும் மாற்றுங்கள், பிறகு வீட்டில் இருக்கும் புடவையையும் கைலியையும் எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் பெரிய பொருள் ஜமக்காளம் ஒன்றாகத்தான் இருக்கும். விசைத்தறியில் ஓட்டிய போலிகள் பாதி விலைக்குக் கிடைப்பதால், அதை வாங்கும்போது 2006 முதல் நடைமுறையில் இருக்கும் கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.